புகையான் வரும்வரை சிலந்திக்கு யார் சோறு போடுவது?

உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன என்பதை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு, பாம்பைப் பருந்து. நடுவில் அம்புக்குறி போட்டுப் படம் வரைந்தால் முழு மதிப்பெண். படத்தில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு நெல் வயலில் நடப்பதைப் புரிந்துகொள்ளப் போனால் பாதியிலேயே நின்றுவிடுவோம், ஏனென்றால் அதில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போகின்றன. ஒன்று, காலம்: யார் எந்த வாரத்தில் வயலுக்கு வருகிறார்கள், இரை வந்து சேர்வதற்கு முன்னால் வேட்டையாடும் பூச்சி எதைத் தின்று உயிரோடு இருந்தது என்ற கேள்வி. இன்னொன்று, செத்ததையும் மட்கியதையும் தின்று பிழைக்கும் கூட்டம். இந்தக் கூட்டத்தை நாம் நன்மை செய்யும் பூச்சி என்றும் சொல்வதில்லை, தீமை செய்யும் பூச்சி என்றும் சொல்வதில்லை, மொத்தத்தில் கணக்கிலேயே வைப்பதில்லை. ஒரு வயல் தாங்குமா விழுமா என்பதைப் பல நேரம் முடிவு செய்வது இந்தக் கணக்கில் வராத கூட்டம்தான். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சியிலிருந்து தொடங்கலாம். சம்பா பட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்து, வானம் மூடியே கிடந்து, பயிர் நெருக்கமாகக் கட்டி நிற்கிற நேரத்தில் வயலின் நடுவில் திடீரென்று வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து வைக்கோல் நிறத்துக்குப் போகும். வரப்பிலிருந்து பார்த்தால் யாரோ அங்கங்கே தீ வைத்து அணைத்தது போலத் தெரியும். உள்ளே இறங்கி ஒரு குத்தை, அதாவது ஓரிடத்தில் நட்டு வளர்ந்த பயிர்க் கொத்தை, விலக்கிப் பார்த்தால், தண்ணீருக்குச் சற்று மேலே, வெயில் படாத அடித்தூரில், பழுப்பு நிறத்தில் அரிசியை விடச் சிறிய பூச்சிகள் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். கையை நீட்டியதும் பக்கவாட்டில் நகர்ந்து தூரின் மறுபக்கம் ஒளியும். தட்டினால் தண்ணீரில் விழுந்து குதித்து அடுத்த குத்துக்குப் போய்விடும்.

இந்தப் பூச்சியின் வாழ்க்கை முறையைத் தெரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு சொல்வது பிடிபடும். பெண் புகையான் இலையுறையின் சதையைக் கீறி அதற்குள் முட்டைகளை வரிசையாகச் சொருகிவிடும். ஒன்று தன் ஆயுளில் 200 முதல் 300 முட்டை வரை இடும். ஒரு வாரம் போல ஆனதும் குஞ்சு வெளியே வரும், இரண்டு வாரத்தில் ஐந்து முறை தோலுரித்து வளர்ந்துவிடும். இதில் இரண்டு வடிவம் உண்டு. நீண்ட இறக்கை உள்ளவை காற்றில் வெகுதூரம் பறந்து புது வயலைத் தேடி வரும், வந்து இறங்கிய பிறகு பிறக்கும் தலைமுறையில் குட்டை இறக்கை உள்ளவை பெருகும்; பறப்பதற்குச் செலவழிக்க வேண்டிய சக்தியை அவை முட்டையில் போடும். நெல்லைத் தவிர வேறு செடியில் இது பிழைப்பதில்லை என்றே சொல்லலாம்.

சரி, ஒரு கணக்கு போடுவோம். ஒரு பெண் பூச்சி வந்து இறங்குகிறது, 200 முட்டை இடுகிறது, அதில் பாதி பெண், எல்லாமே பிழைக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறையில் 100 பெண்கள், அதற்கடுத்ததில் 10,000, மூன்றாவதில் 10 லட்சம். ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம்கூட ஆகாது என்பதால் ஒரு போகத்துக்குள் மூன்று தலைமுறை தாராளமாக முடிந்துவிடும். அப்படிப் பார்த்தால் எந்த வயலும் ஒருமுறைகூட அறுவடைக்கு வந்திருக்கக் கூடாது. வருகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆசியா முழுக்க வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பத்து லட்சத்தை யாரோ தின்று தீர்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், நாம் அவர்களைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

யார் அவர்கள் என்றால், முதலில் ஓநாய்ச் சிலந்தி. இது வலை கட்டாது, தூருக்குத் தூர் தண்ணீர் மேலேயே ஓடி இரையைப் பிடிக்கும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். முட்டைப் பையை உடம்பின் பின்பக்கம் ஒட்டவைத்துக்கொண்டு அலையும், குஞ்சு பொரித்ததும் அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். அப்புறம் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி: மெலிந்த உடம்பு, கருப்புத் தலை. இலையுறைக்குள் சொருகிவைத்த புகையான் முட்டை இருக்கும் இடத்தை இது கண்டுபிடித்து, ஊசி போன்ற வாயை அந்தச் சதைக்குள் இறக்கி, முட்டையின் உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டுக் கூட்டை மட்டும் மிச்சம் வைக்கும். எந்த மருந்தும் எளிதில் எட்டாத இடம் அது. அதே முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் ஒட்டுண்ணிக் குளவி ஒன்றும் இருக்கிறது, வெறும் கண்ணுக்குப் புள்ளியாகக்கூடச் சரியாகத் தெரியாத அளவு. தூரிலிருந்து தவறித் தண்ணீரில் விழும் புகையான் குஞ்சைத் தண்ணீரின் மேல்பரப்பில் ஓடும் சிறு பூச்சிகள் கூட்டமாகச் சூழ்ந்து குத்தும். இதுபோக ஊசித்தட்டான், பொறிவண்டு, நீண்ட தாடை வைத்த வலைச்சிலந்திகள், தவளை.

இவ்வளவு பேர் காவல் இருந்தும் 1970களில் ஆசியா முழுக்கப் புகையான் வெறியாட்டம் போட்டது ஏன்? அதுவரை பெரும்பாலும் சில்லறைத் தொல்லையாக இருந்த பூச்சி அது. 1966இல் பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. குட்டை ரகம், உரத்தைத் தாங்கும், அதோடு கூடவே மருந்தடிக்கும் அட்டவணையும் ஊர் ஊராகப் போனது. 1973-74இல் கேரளத்தில் புகையான் பெரிய நாசம் செய்தது, இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்சிலும் அதே காலத்தில் அதே கதை. எதிர்ப்புத் திறன் உள்ள ரகமாக ஐ.ஆர். 26 வந்தது, இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த எதிர்ப்பைத் தாண்டும் புகையான் வந்துவிட்டது. அடுத்து 1976இல் ஐ.ஆர். 36. புது ரகங்கள் பசியைப் போக்கின என்பதை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது கோடிக்கணக்கான வீடுகளில் உலை கொதித்த விஷயம். ஆனால் ரகத்தோடு சேர்த்துக் கொடுத்த மருந்து அட்டவணைதான் புகையானை வளர்த்தது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிய வந்தது.

பிலிப்பைன்ஸ் வயல்களில் பீட்டர் கென்மோர் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு இருந்தவர்களும் 1970களின் கடைசியில் செய்த வேலை இதில் முக்கியமானது. மருந்தே அடிக்காத வயலில் புகையான் வரும், கொஞ்சம் கூடும், பிறகு அடங்கிவிடும். மருந்தடித்த வயலில் அது பல நூறு மடங்கு பெருகியது. மருந்து சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் கொன்றது, இலையுறைக்குள் இருந்த முட்டை பத்திரமாக இருந்தது, ஒரு வாரத்தில் பொரித்து வெளியே வந்த குஞ்சுகளுக்குக் காவல் இல்லாத வயல் கிடைத்தது. இன்னொரு கோணத்திலிருந்து 1980இல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் செல்லையாவும் ஹைன்ரிக்ஸும் பார்த்தார்கள். டெல்டாமெத்ரின், மெத்தில் பாரத்தியான் போன்ற மருந்துகள் சாகாத அளவுக்குப் பட்டால் புகையான் கூடுதலாகச் சாறு உறிஞ்சுகிறது, கூடுதலாக முட்டை இடுகிறது என்று கண்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புகையானுக்கு டெல்டாமெத்ரின் போன்ற செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் வேண்டாம் என்று பரிந்துரைப்பதன் பின்னணி இதுதான். பூச்சிக்கு என்று வாங்கி அடித்த மருந்தே பூச்சியைப் பெருக்கியது என்றால், கடன் வாங்கி மருந்து வாங்கிய விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய அநியாயம்.

இதில் நெல்லைத் தாண்டிய ஒரு பொது விதி இருக்கிறது. முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்தது. பிறகு உம்பர்ட்டோ டன்கோனா என்ற விலங்கியலாளர் துறைமுகச் சந்தைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, போர்க்காலத்தில் சுறா வகைகளின் பங்கு கூடியிருந்தது, இரை மீன்களின் பங்கு குறைந்திருந்தது. ஏன் என்று தன் மாமனாரைக் கேட்டார். மாமனார் வீட்டோ வோல்ட்டெரா பெரிய கணித மேதை. 1926இல் அவர் சமன்பாடு போட்டுக் காட்டினார்: வேட்டையாடியையும் இரையையும் ஒரே விகிதத்தில் கொன்றுகொண்டே இருந்தால் சராசரியில் இரை கூடும், வேட்டையாடி குறையும். யோசித்துப் பார்த்தால் காரணம் பிடிபடும். இரைக்கு உண்டாவது சாவு மட்டும், அதே நேரத்தில் தன்னைத் தின்பவன் குறைவதால் லாபமும் கிடைக்கிறது. வேட்டையாடிக்குச் சாவும் உண்டு, இரைப் பஞ்சமும் உண்டு, இரண்டு பக்கமும் அடி. வலை வீசுவதற்குப் பதில் மருந்து தெளிப்பான் என்று வைத்துக்கொண்டால் வயலுக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். சிலந்தியின் ஒரு தலைமுறைக்கு மாதங்கள் ஆகும், புகையானுக்கு வாரங்கள் போதும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் மோசம்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நட்ட வயலில் புகையான் கணிசமாகக் கூடுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை நாற்றைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை போலத் தோன்றும். ஆனால் நட்ட இரண்டு மூன்று வாரங்களிலேயே சிலந்திகள் நல்ல எண்ணிக்கையில் உள்ளே வந்துவிடுகின்றன. இரை வருவதற்கு முன்பே வேட்டையாடி கூடுவது உணவுச் சங்கிலிப் படத்துக்குப் பொருந்தாது, கீழே இருப்பது முதலில் பெருகி, மேலே இருப்பது பிறகுதான் பெருக வேண்டும். அப்படியென்றால் இந்தச் சிலந்திகள் எதைத் தின்று வளர்ந்தன?

வில்லியம் செட்டில் என்பவரும் இந்தோனேசிய ஆராய்ச்சியாளர்களும் ஜாவா வயல்களில் பல பருவங்கள் மாதிரி எடுத்து 1996இல் இதற்கு விடை சொன்னார்கள். அந்த வயல்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட வகைப் பூச்சிகளும் சிலந்திகளும் இருந்தன, அதில் நெல்லைத் தின்பவை சிறுபான்மை. பருவத்தின் தொடக்கத்தில் வயலில் பெருங்கூட்டமாக இருந்தவை மட்கும் பொருளையும் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தின்பவை: கொசு போலவே இருந்தும் கடிக்காத கைரோனோமிட் ஈக்கள், கொசுப்புழுக்கள், மட்கில் துள்ளித் திரியும் மிக நுண்ணிய பூச்சிகள். சிலந்திக்கும் தண்ணீர் மேல் ஓடும் பூச்சிகளுக்கும் முதல் மாதச் சாப்பாடு இவைதான். வயலில் கூடுதலாக மட்கும் பொருளைப் போட்டபோது இந்தக் கூட்டம் பெருகியது, அதைத் தொடர்ந்து வேட்டையாடிகளும் பெருகின.

இதை நம் வயலில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தண்ணீர் வந்து, அறுத்த நெல்லின் தாளை மடக்கி உழுது, சேறடித்து, பரம்பு அடித்து விட்டு சில நாள் கழித்துப் பாருங்கள். மண்ணில் காய்ந்து கிடந்த பாசி வித்துகள் விழித்திருக்கும், தண்ணீர் இளம்பச்சையாகத் தெரியும். தாள் அழுகத் தொடங்கி அதில் பாக்டீரியா பெருகும். ஒரு கை தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நீந்துவது தெரியும், அவை நீர்த்தெள்ளுகள். இன்னும் சில நாளில் சேற்றின் மேல்பரப்பில் மெல்லிய குழல் கட்டிக்கொண்டு சிவப்பு நிறப் புழுக்கள் இருக்கும். நம் ரத்தத்தில் இருப்பது போலவே ஹீமோகுளோபின் அவற்றுக்கும் உண்டு, காற்றோட்டமில்லாத சேற்றில் உயிர் பிழைக்க அது உதவுகிறது, சிவப்பும் அதனால்தான். இவைதான் வளர்ந்து கைரோனோமிட் ஈயாக வெளியேறும். வெளியே வந்ததும் இறக்கை காயும் வரை பக்கத்து நாற்றின் தண்டில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும், வரப்புப் பொந்திலிருந்து இறங்கி வந்த ஓநாய்ச் சிலந்திக்கு அதைவிடச் சுலபமான சாப்பாடு கிடையாது. அதைத் தின்று வளர்ந்து, முட்டைப் பையோடு அது காத்திருக்கும்போதுதான் நீண்ட இறக்கை வைத்த முதல் புகையான்கள் காற்றில் வந்து இறங்குகின்றன.

அழுகும் தாள், பாசி, சிவப்புப் புழு, ஈ, சிலந்தி, அதன் பிறகுதான் புகையான்: நெல்லுக்கும் அழுகும் தாளுக்கும் இடையில் இப்படி ஒரு நீண்ட வழி ஓடுகிறது. நடுவில் எந்த இடத்தில் அறுத்தாலும் கடைசியில் நெல்தான் காயும். இந்தக் கண்டுபிடிப்பைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது காவிரி டெல்டாவின் கிடை. கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வருவார்கள், அறுவடை முடிந்த வயலில் இரவில் கிடை போடுவார்கள், புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு. உரத்துக்காகச் செய்வது என்றுதான் எல்லோரும் சொல்வோம், அது உண்மையும்கூட. நடவுக்கு முன் மடக்கி உழும் தக்கைப்பூண்டும் கொளுஞ்சியும் வேப்பந்தழையும் அப்படித்தான். ஆனால் நெல்லின் வேர் எடுத்துக்கொள்ளும் முன்பே அந்தப் புழுக்கையும் தழையும் சேற்றுப் புழுக்களுக்குத் தீனி, அந்த வழியில் சிலந்திக்கும் தீனி. ஒரு மூட்டை யூரியா இந்த வேலையைச் செய்யாது. மாறாக, அளவுக்கு மேல் தழைச்சத்து ஏறிய பயிரின் சாறு புகையானுக்கு நல்ல சத்து, அதில் அது கூடுதலாக முட்டை வைக்கும். பயிரும் அடர்ந்து அடித்தூரில் நிழலும் ஈரமும் சேரும், அதுவும் அதற்குத்தான் வசதி.

இப்போது நட்ட பதினைந்து இருபது நாளில் யூரியாவோடு குருணை மருந்தைக் கலந்து வீசும் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். அல்லது இலைச்சுருட்டுப் புழு வந்து இலை வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது என்று முதல் மாதத்திலேயே அடிக்கும் மருந்தை. அந்த நேரத்தில் வயலில் புகையான் பெரிதாக இருக்காது. இருப்பது சேற்றுப் புழுவும் சிலந்தியும். மருந்து போய்ச் சேர்வது அவற்றுக்குத்தான். அப்புறம் அறுபதாம் நாள் புகையான் பிடிக்கும்போது அதற்கும் இருபதாம் நாள் வீசிய குருணைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது, நடுவில் நாற்பது நாள் போய்விட்டது. விவசாயியைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. இலை வெளுத்தால் கண்ணுக்குத் தெரிகிறது, சிலந்தி பட்டினி கிடப்பது தெரிவதில்லை. ஊரில் யாரைக் கேட்கலாம் என்றால் பெரும்பாலும் மருந்து விற்கும் கடைதான் இருக்கிறது.

முதல் மாதத்து இலை வெளுப்பு பார்க்கத்தான் பயமாக இருக்கும், விளைச்சலில் அது பெரும்பாலும் தெரிவதில்லை, ஏனென்றால் இளம்பயிர் புது இலையும் புதுத் தூரும் விட்டு ஈடுகட்டிவிடும். இதை வைத்துத்தான் கே. எல். ஹியோங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களில் வியட்நாமின் மீகாங் டெல்டாவில் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: உங்கள் நிலத்தில் ஒரு பகுதியில் மட்டும் முதல் 40 நாள் பூச்சிமருந்து அடிக்காமல் விட்டுப் பாருங்கள், மீதியில் வழக்கம் போலச் செய்யுங்கள், விளைச்சலை நீங்களே அளந்து பாருங்கள். வானொலியில் சிறு நாடகமாகவும் போட்டார்கள். மருந்தடிப்பு பாதிக்குப் பாதி குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. யாரையும் நம்பச் சொல்லாமல், தன் வயலிலேயே பார்க்கச் சொன்னதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

இந்தோனேசியா இன்னும் ஒரு படி மேலே போனது, அது அரசே எடுத்த முடிவு. 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு, அடுத்த ஓரிரு ஆண்டில் புகையானிடம் அதை இழக்கும் நிலைக்கு வந்தது. பூச்சிமருந்து மானியமாக மட்டும் ஆண்டுக்குப் பத்து கோடி டாலருக்கும் மேல் போய்க்கொண்டிருந்தது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்து ஆணை போட்டார். 1989க்குள் மானியம் முழுவதும் நின்றது. மருந்துப் பயன்பாடு பாதிக்கும் கீழே இறங்கியது, நெல் விளைச்சல் கூடியது. 1989இலிருந்து உழவர் வயல்வெளிப் பள்ளிகள் நடந்தன. வாரம் ஒருமுறை வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணுவார்கள், வலைத்துணி சுற்றிய நெற்குத்துக்குள் சிலந்தியையும் புகையானையும் விட்டு, யார் யாரைத் தின்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்ப்பார்கள். சேற்றிலிருந்து கிளம்பும் ஈதான் சிலந்தியைத் தாங்குகிறது என்று செட்டில் குழு கண்டுபிடித்தது இந்த மாற்றத்துக்குப் பிறகு அந்த வயல்களில் கிடைத்த அமைதியில்தான். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: வெகுதூரம் ஒரே மாதிரி நெல், அதன் பிறகு எல்லாம் ஒன்றாகக் காய்ந்து கிடக்கும் நீண்ட தரிசு என்று இருந்த பகுதிகளில் வேட்டையாடிகள் திரும்பி வரத் தாமதமானது. சிறு சிறு வயல்களாக, அங்கங்கே ஈரம் மிச்சமிருக்கும் இடங்களில் சீக்கிரம் வந்தன. நம் ஊர் வரப்பையும் வாய்க்கால் கரையையும் களைக்கொல்லி அடித்துச் சுத்தமாக வழிக்கும்போது சிலந்தி ஒதுங்கும் இடத்தைத்தான் வழிக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். கொசுப்புழு இருந்தால் நல்லது என்றால், கொசு? இதை மழுப்பக் கூடாது. நெல் வயலில் வளரும் கியூலெக்ஸ் கொசுக்கள்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புகின்றன. இந்தியாவில் மனிதர்களிடம் அந்த நோய் முதன்முதலில் 1955இல் வேலூர்ப் பகுதியில்தான் தெரியவந்தது. அந்த வைரஸ் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடமும் பன்றிகளிடமும் தங்கிப் பெருகுகிறது. ஆக, அதே தண்ணீர், அதே பறவை, அதே புழு, வேறொரு வழியில் குழந்தைகளின் உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். உயிர்களின் பிணைப்பு எல்லாமே நமக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைப்பது ஆசை. ஆனால் வயலுக்கு மருந்தடிப்பது இதற்குத் தீர்வாகாது, கொசுப்புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சு, மீன், தவளைக் குஞ்சுகளின் கூட்டம் எல்லாம் சேர்ந்து சாகும், கொசு முதலில் திரும்பி வரும், வோல்ட்டெரா சொன்ன அதே கணக்கு. தடுப்பூசியும், வயலில் தண்ணீரை வற்றவிட்டு மறுபடி பாய்ச்சுவதும்தான் உதவும். அப்படி வற்றவிடுவது புகையானுக்கும் பிடிக்காது.

தவளை என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியா பல ஆண்டுகள் தவளைக் காலை வெளிநாட்டுக்கு விற்றது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது உயர்ந்த சாப்பாடு. பெரிய காளைத்தவளைகளை வயலிலிருந்து இரவில் விளக்கு வைத்துப் பிடித்து ஆயிரக்கணக்கான டன் அளவில் ஏற்றுமதி செய்தார்கள். தவளை குறைந்த வயல்களில் பூச்சி கூடியது என்ற குரல் எழுந்து, 1987இல் அந்த ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. அந்நியச் செலாவணிக் கணக்கில் தவளைக்கு ஒரு விலை இருந்தது. வயலில் அது செய்துவந்த வேலைக்கு எந்தக் கணக்கிலும் விலை இல்லை.

தின்பதும் தின்னப்படுவதும் மட்டும்தான் உறவு என்று நினைத்துவிடக் கூடாது. அசோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேல் பச்சைக் கம்பளமாகப் படரும் இந்தச் சிறு பெரணியின் ஒவ்வொரு இலையிலும் ஒரு சின்னக் குழி உண்டு, அந்தக் குழிக்குள் நீலப்பச்சைப்பாசி ஒன்று குடியிருக்கிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அசோலாவுக்குக் கொடுக்கிறது, அசோலா அதற்கு இடமும் சர்க்கரையும் கொடுக்கிறது. இனப்பெருக்கத்தின்போதும் பாசி கூடவே போய்விடுகிறது, தனியாக வெளியே வாழும் திறனை அது எப்போதோ இழந்துவிட்டது. அசோலா இல்லாத வயலிலும் தனித்துத் திரியும் நீலப்பச்சைப்பாசிகள் இந்த வேலையைச் செய்கின்றன, 1939இல் பி. கே. டே என்ற இந்திய விஞ்ஞானி இதைத்தான் காட்டினார், பெரிதாக எரு போடாமலே நெல் வயல் தலைமுறை தலைமுறையாக விளைந்துவந்த புதிருக்கு அது ஒரு முக்கிய விடை. யூரியா நிறைய விழுந்த தண்ணீரில் இந்தப் பாசிகள் நைட்ரஜன் பிடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. கையில் கிடைப்பதை விட்டுவிட்டுக் கஷ்டப்பட்டு எதற்குப் பிடிக்க வேண்டும்.

வரப்புக்கு வருவோம். ஒட்டுண்ணிக் குளவிகளுக்குக் குஞ்சு வளரப் பூச்சி முட்டை வேண்டும், ஆனால் வளர்ந்த குளவி குடிப்பது தேன். நெல் பூவில் தேன் கிடையாது. தேன் கிடைக்காத குளவி சில நாளில் செத்துவிடும், கிடைத்தால் நீண்ட நாள் இருந்து நிறைய முட்டைகளைத் தேடிப் பிடிக்கும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூன்று நாடுகளில் வரப்பில் எள் போன்ற பூக்கும் செடிகளை வளர்த்து நான்கு ஆண்டுகள் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது: பூச்சிமருந்து 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போடுவது நம் பக்கத்தில் புதிதல்ல. வீட்டுக்குப் பயறு கிடைக்கும் என்று போட்டார்கள், குளவியும் பிழைத்தது. ட்ரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி வளரும் அட்டையைக் காசு கொடுத்து வாங்கி வயலில் கட்டுகிறவர்கள் வரப்பில் பூ இருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது, வந்த விருந்தாளிக்குக் குடிக்க ஏதாவது வேண்டுமே.

இவ்வளவையும் வயலில் நின்று முடிவெடுக்கும் ஒருவர் எப்படிப் பயன்படுத்துவது? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புகையானுக்கு வைத்திருக்கும் பொருளாதாரச் சேத நிலை, அதாவது எவ்வளவு பூச்சி இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற அளவு, இப்படிப் போகிறது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். ஒரு குத்தில் இருபது தூர், அதாவது இருபது தண்டு, இருக்கிறது என்று வையுங்கள். சிலந்தி இல்லாவிட்டால் இருபது புகையான்தான் எல்லை, ஒரே ஒரு சிலந்தி இருந்தால் நாற்பது. அந்த ஒற்றைச் சிலந்தி இருபது புகையானுக்கு ஈடு என்று அரசுப் பரிந்துரையே சொல்கிறது. ஆனால் புகையானை எண்ணுகிற அளவுக்கு யாரும் சிலந்தியை எண்ணுவதில்லை. வயலின் நடுவில் குறுக்கே நடந்து பல குத்துகளைச் சாய்த்துப் பார்த்து, இரண்டையும் எண்ணி, அதற்குப் பிறகு கடைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. நடவின்போதே எட்டடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டிருந்தால் உள்ளே போய்ப் பார்ப்பதும் சுலபம், வெளிச்சமும் காற்றும் அடித்தூர் வரை போகும்.

எனக்கு இப்போது கவலை தருவது தாள். இயந்திரத்தில் அறுத்து, அடுத்த நாளே வைக்கோலை உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறோம். மாடு குறைந்துவிட்டது, எருவும் குறைந்துவிட்டது, கிடை போட ஆள் தேட வேண்டியிருக்கிறது. வைக்கோல் விற்ற காசு அறுவடைக் கூலிக்கு ஆகிறது, அதை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வயலில் அழுகுவதற்கு என்று ஒன்றும் மிஞ்சாவிட்டால் தண்ணீர் கட்டியதும் அந்தச் சிவப்புப் புழுக்கள் எதைத் தின்னும்? அறுத்த கட்டையையாவது எரிக்காமல் மடக்கி உழலாம், தண்ணீருக்கு முன் கிடைக்கும் இரண்டு மாதத்தில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கலாம், நட்டு முதல் நாற்பது நாள் மருந்தைத் தள்ளி வைக்கலாம். முழு நிலத்துக்கும் துணிச்சல் வராவிட்டால் ஒரு மா நிலத்தில் மட்டும், வியட்நாம்காரர்கள் செய்தது போல.